கொப்பரை மூடி

எங்கள் யாசிகோவா புல்வெளிக்கு முதல் முறையாக லாரி கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் சரி, என்ஜினை நிறுத்திவிட்டு உடனே குதித்து இறங்கிவிட முடியாது. மிலுன்கா அக்கா முக்காலியைப் போட்டு ஏறி, ஜன்னல் வழியாக ஒரு கரண்டி பிளம் பழப்பாகை நீட்டுவாள். அதை வாயில் வாங்கிக்கொண்டு, அவள் தரும் தம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு வாசலில் செய்கிற மரியாதை அது. லாரிக்காரனுக்கு லாரிதான் வீடு என்று எவனோ ஆரம்பித்து வைத்தான், அப்படியே நிலைத்துவிட்டது.

மற்றபடி பழைய லாரிகளைப் புதுப்பித்து ஓட்டுகிற இந்தப் பித்தர்களின் பெருமையை என்னிடம் கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் ரதோமிரும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூப்பிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஓடாத லாரிக்கு அடியில் நாளெல்லாம் மல்லாந்து கிடப்பதற்கு மட்டும் அந்த இடுப்பு ஒன்றும் சொல்லாது. வருஷத்துக்கு ஒரு முறை, புல் அறுத்துப் போர் போட்டு முடித்ததும், நாலா திசையிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும். இவர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் தட்டிப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருக்க, நான் அண்டாவில் புகைபோட்ட பன்றி விலாவோடு பீன்ஸ் வேகவைத்துக் கொட்டுவேன். தலையெழுத்து.

அந்த முக்காலியை மிலுன்கா அக்கா ஏன் வேறு யாருக்கும் விட்டுத் தருவதில்லை என்பது ஊருக்கே தெரியும். வருகிற ஒவ்வொரு புது வண்டிக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்துத் தேடுவது விதோயே அண்ணனுடைய லாரியைத்தான்.

விதோயே அண்ணன் அவள் புருஷன். மேலே காட்டிலிருந்து லிம் ஆற்றங்கரை மர ஆலைக்கு மரம் இறக்கினார். பிரிபோய் ஊர் ஆலையில் செய்த, என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு லாரி. ஒரு பனிக்காலத்தில் பாறை இடித்துச் சைலன்சர் கிழிந்துவிட்டது. சாமான் வாங்கக் கீழே போக வழியில்லை, எங்கு பார்த்தாலும் பனி. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சாராயம் காய்ச்சுவதற்கு அக்கா பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்த தாமிரக் கொப்பரை இருந்ததே, அதன் மூடியை வெட்டித் தகடாக்கி, ரிவெட் அடித்து ஒட்டுப் போட்டுவிட்டார். அக்கா அன்றைக்குக் கத்திய கத்தலில் எங்கள் கூரைப்பனி சரிந்தது என்று ரதோமிர் இன்னமும் சொல்வார்.

அதன் பிறகு அந்த லாரி மேட்டில் திணறும்போதெல்லாம் தகட்டின் ஓரத்து இடுக்கில் புகை புகுந்து விசிலடிக்கும். கீழே ஓநாய் வளைவில் அந்த விசில் கேட்டால் போதும், "வந்துட்டான் என் கொப்பரையத் தின்னவன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா அடுப்பை மூட்டிப் பானையை ஏற்றுவாள். அவர் மிச்ச வளைவுகளை ஏறி வாசலுக்கு வருவதற்கும் பீன்ஸ் சூடாவதற்கும் சரியாக இருக்கும். நீல எனாமல் ஜக்கில் தண்ணீரோடு வாசலில் நிற்பாள். கையில் ஊற்றிக்கொண்டே திட்டுவாள். அவர் குனிந்து கை கழுவிக்கொண்டே கேட்பார். நாங்கள் பக்கத்து வீடு. அந்தத் திட்டு எனக்கு மனப்பாடம்.

தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது, அவ்வளவுதான். லாரி முற்றத்திலேயே நின்றது. கோழிகள் சீட்டில் ஏறி முட்டையிட்டன. "பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்று ஒருநாள் அவளே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டாள். சாயங்காலமே எங்கள் வாசலில் வந்து நின்றாள். "ரதோமிர், அத எங்க கொண்டுபோனான்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாருடா" என்றாள். அவர் விசாரித்தபோது அது கை மாறி, ஊர் மாறிப் போயிருந்தது.

இந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மகள் யாஸ்னா ஆஸ்திரியாவில் லின்ட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. போன குளிர்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, நான் பார்க்கிறவரை பனியிலேயே கிடந்தாள். "இனிமே உங்களத் தனியா விட்டுட்டு அங்க என்னால தூங்க முடியாதும்மா" என்று யாஸ்னா காரோடு வந்துவிட்டாள். கூட்டம் முடிந்த மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. ஆடும் கோழியும் ஏற்கெனவே எங்கள் தொழுவத்துக்கு வந்தாயிற்று. அந்த லாரி வருவதானால் இந்த வருஷமே வரவேண்டும். அடுத்த வருஷம் முக்காலியில் அக்கா இருக்கமாட்டாள்.

இந்த முறை புதிதாக வருவதாகச் சொல்லியிருந்தது ஒரே ஒரு வண்டி. வடக்கே சமவெளியில், சென்டா ஊரிலிருந்து.

"அதுவும் மூக்கு லாரிதானாம்டி" என்று காலையிலேயே அக்கா என் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும். நீங்க மொதல்ல உக்காருங்க. கால் வீங்கிக் கிடக்கு."

"மூக்கு லாரின்னா நெறைய இருக்கும், இல்ல?"

"நெறைய இருக்குக்கா."

"அதானே" என்றாள். ஆனால் உட்காரவில்லை.

வண்டி வந்தது. அடேயப்பா, அது வந்த அழகு! பச்சை நிறம் பளபளவென்று, போல்ட்டுக்குப் போல்ட் புதுசு. நேற்றுத்தான் ஆலையை விட்டு வந்ததுபோல் இருந்தது. என்ஜின் சத்தம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சீராக இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் திருப்பி நின்றாள். புல்வெளி மேட்டை ஏறும்வரை கேட்டாள். பிறகு அவள் பிடி தளர்ந்தது.

"இது இல்லடி, ஸ்தானா" என்றாள்.

இருந்தாலும் முறையை விடமுடியுமா? நான் தாங்கிப் பிடிக்க, முக்காலியில் ஏறினாள். ஓட்டி வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லிப் புருஷன்.

"வாம்மா. வாயத் தொற. மொதல்ல ஸ்டியரிங்க விடு, வண்டி எங்கயும் ஓடிறாது."

"விட முடியலக்கா. வெரல் மடங்கினது மடங்கினபடியே நிக்குது. எங்க ஊர்ல ரோடு நேரா கெடக்கும். இங்க ஒரு திருப்பத்துல என் வண்டியோட பின்டயரே எனக்கு எதிர்ல வருது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர்மாதிரி ஒருவர் உண்டு, ஒப்ரென். குரல் மட்டும் டிப்பர் லாரிக்குச் சமம். "உங்க ஊர்ல மேடுன்னா எது தங்கச்சி? ரோட்டுல உருண்டு விழுந்த பூசணிக்காயா?" என்றார்.

"அதுக்கே ரெண்டாவது கியர் போட்டுத்தாண்ணே ஏறுவோம்."

"சபாஷ்! இவ நம்ம ஆளு. பேரென்ன?"

"ஐரேனா. இவர் திஹோமிர்."

"ஏன், ஐயா ஓட்டமாட்டாரா?"

"எனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தாங்க தெரியும்" என்றார் அந்த ஒல்லி மனிதர். "ஓட்டுறது இவதான். சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் லோடு அடிச்ச வீட்டுப் பொண்ணு. நான் பல்செட் கட்டுற வேலை."

"பல்லு கட்டுறவரா! அதான் ரேடியேட்டர் இப்படி இளிச்சுக்கிட்டு வருது!"

ஐரேனா பாகை விழுங்கி, தண்ணீரைக் குடித்து, தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வண்டிய எடுத்ததுலருந்து இந்த நாளத்தான் நெனச்சிக்கிட்டிருந்தோங்க்கா. எங்க ஊர்ல எங்கள லூசுங்கன்னு சொல்றாங்க" என்றாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். "இங்க எல்லாருமே லூசுதாம்மா. கவலப்படாத."

இங்கே இன்னும் இரண்டு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்கள் தங்களிடம் மிச்சமான பழைய சாமானைத் தார்ப்பாயில் கொட்டவேண்டும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். சாயங்காலம் எல்லா வண்டியும் ஆற்றுக்கு இறங்கி, வரிசையாக மலை ஏறும். அப்போது புது வண்டிதான் முன்னால் போகும். அது ஆமையாக ஊர்ந்தாலும் பின்னால் வருகிறவன் முந்தக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது.

பீன்ஸ் பாதி வெந்திருக்கும்போது ரதோமிர் அண்டாவுக்குப் பின்னால் வந்து நின்றார். அதுவரை அந்தப் பச்சை வண்டிக்கு அடியில்தான் கிடந்தார்.

"ஸ்தானா, இங்க வா."

"அடி பிடிச்சிரும். அங்கருந்தே சொல்லுங்க."

"சத்தமா சொல்ற விஷயமில்ல." முகம் ஒரு மாதிரி இருந்தது. "அது விதோயே அண்ணன் வண்டி."

"காலையிலயே ஊத்திக்கிட்டீங்களா?"

"சேசிஸ் சட்டத்துல என் வெல்டிங் இருக்குடி. இடது பக்கம், நான் கத்துக்குட்டியா இருந்தப்ப கோணலா வெச்சது. அண்ணன் பாத்துட்டு, 'என்னடா, கோழி நடந்த மாதிரி இருக்கு'ன்னு சிரிச்சாரு. மேல பெயிண்ட் அடிச்சிருக்கான், ஆனா தடம் அப்படியே இருக்கு. எனக்குத் தெரியாதா?"

எனக்கு அகப்பை கையில் நின்றுவிட்டது. "அந்தத் தகடு?"

"எங்க இருக்கு? பைப்பு, சைலன்சர் எல்லாம் புதுசு. தங்கமா வேல செஞ்சிருக்கான், பாவி."

"அக்காகிட்ட சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுவ? நீ இத்தன வருஷமா காத்துக்கிட்டிருந்த வண்டி வந்துச்சு, நீயே ஏறிப் பாகு ஊட்டின, உனக்கே அடையாளம் தெரியலன்னா?"

"சொல்லாம இருந்தா நாளைக்குப் போயிருவாங்க."

"சரி, சொல்லு. அந்தப் புதுசுங்க மூஞ்சிய யாரு பாக்குறது? உசுரக் கொடுத்து வேல செஞ்சு, ஆசையா வந்திருக்குதுங்க. வந்த அன்னிக்கே, நீங்க தேச்சு அழிச்சது ஒரு மனுஷனோட தடத்தத்தான்னு சொல்லணுமா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவர்மேலேயே காட்டினேன். "ஒரு துருவ விட்டு வைக்கிறீங்களா நீங்க? எதக் கண்டாலும் தேய், எதக் கண்டாலும் பெயிண்ட் அடி! போங்க அந்தப் பக்கம்" என்றேன். அவர் போகவில்லை. இரண்டு பேரும் பீன்ஸைக் கிண்டிக்கொண்டு நின்றோம்.

நாங்கள் முடிவெடுக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. திஹோமிர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்து தார்ப்பாயில் கவிழ்த்தார். பழைய போல்ட், உடைந்த விளக்கு, இரண்டு ஸ்பிரிங் பட்டை. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து துருப்பிடித்த ஒரு சைலன்சர் உருண்டு வந்தது. அதன் வயிற்றில், கரி பிடித்திருந்தாலும், ஓரத்தில் சிவப்பாக மின்னிக்கொண்டு, அந்தத் தகடு.

"இது எதுக்கும் ஆகாதுங்க" என்று திஹோமிர் சிரித்தார். "தாமிரம் யாருக்காவது ஆகுமேன்னு கொண்டுவந்தேன். பாருங்களேன், எந்தக் கழுதையோ சைலன்சர்ல தாமிரத்த வெச்சு ஒட்டுப் போட்டிருக்கு!"

காப்பித் தட்டோடு அக்கா அங்கேதான் நின்றிருந்தாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மெல்லக் குனிந்தாள். அந்த முழங்காலோடு தரையில் மண்டியிட்டாள். ஏப்ரனால் தகட்டைத் துடைத்தாள். கொப்பரை மூடியில் அவள் அப்பா செதுக்கிவைத்த சின்னத் திராட்சைக் கொடி, பாதி மட்டும், அதில் இருந்தது.

"அந்தக் கழுதையோடதான் தம்பி நான் குடும்பம் நடத்துனேன்" என்றாள்.

திஹோமிர் என்னைப் பார்த்தார், ரதோமிரைப் பார்த்தார். ரதோமிர் தலையைக் குனிந்துகொண்டு, "வண்டி அவங்க வீட்டுக்காரரோடதுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும், விடுங்க" என்றார். ஐரேனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாஸ்னா ஓடிவந்து அம்மாவைத் தூக்கினாள். "அம்மா, அழாதீங்க. வண்டி கெடச்சிருச்சில்ல? வாங்க, ஏறி உக்காருங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"நான் என்னிக்குடி அதுல ஏறுனேன்? டீசல் நாத்தம் எனக்கு ஆகவே ஆகாது." அக்கா சைலன்சரை இடுப்பில் அணைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஏற வேணாம். அது வர்றதக் கேக்கணும். வீட்டுல இருந்து கேக்கணும். ஒரே ஒரு தடவ."

திஹோமிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டார். "ஒரு ஆளோட பழைய பல்ல வாங்கிப் பாக்காம நான் புதுசு கட்டமாட்டேங்க" என்றார். "சிரிப்பே மாறிரும். அங்க அவ்வளவு பாக்குறேன். இங்க யாரையும் ஒரு வார்த்த கேக்கல." சட்டைக் கையை மடித்துவிட்டு ரதோமிரிடம் திரும்பினார். "ஸ்பேனர் கொடுங்க. என் பெட்டி சாமானுக்கு அடியில கெடக்கு."

இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் புகுந்தார்கள். அவ்வளவு பளபளப்பான வண்டிக்கு அந்தத் துருப்பிடித்த பீப்பாயை மாட்டுவதைப் பார்த்து ஒப்ரெனுக்கே கண் கலங்கிவிட்டது. அவர் அதை இருமலாக மாற்றி, "எல்லாரும் கேட்டுக்குங்க" என்று கத்தினார். "வழக்கப்படி புது வண்டி முன்னால போகும். நாம யாரும் பின்னாலயும் போகல. ஆத்தோரம் என்ஜின அணைச்சுட்டு நிக்கிறோம். எவனாவது ஸ்டார்ட் பண்ணீங்க, சாவியப் பிடுங்கி லிம்ல வீசிருவேன்."

ஐரேனா ஸ்டியரிங் பக்கம் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, ஏத்தத்துல என்ஜின் நின்னுட்டா?" "நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணும்மா. விதோயே அண்ணனுக்கும் நின்னிருக்கு" என்றேன்.

அக்காவின் வீடு மேலே ரோட்டோரம். யாஸ்னா காரில் கொண்டுவந்து விட்டாள். நான் ஒரு பானை பீன்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே திரைச்சீலையெல்லாம் கழற்றி மடித்து, வாசலருகே இரண்டு பெட்டி கட்டியிருந்தது. விறகடுப்பைச் சாம்பல் இல்லாமல் துடைத்துச் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் நான் சத்தமில்லாத அடுப்பைப் பார்த்ததில்லை.

அக்கா செய்தித்தாளைச் சுருட்டி அடுப்புக்குள் திணித்தாள்.

"அம்மா, இப்பத்தான் தொடச்சேன்."

"தொடச்சவ திரும்பத் தொடச்சுக்க."

விறகை அடுக்கினாள், பானையைப் பக்கத்தில் வைத்தாள். பற்றவைக்கவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். மலையே அடங்கிக் கிடந்தது. அத்தனை லாரி கூடுகிற நாளில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எங்கள் தொழுவத்திலிருந்து அவள் ஆடு கத்தியது.

கீழே என்ஜின் உறுமியது. வெறும் உறுமல். முதல் வளைவு, இரண்டாவது வளைவு.

"கேக்கல" என்றாள் அக்கா. "அது இல்ல. நசுங்கிப் போயிருக்கும். இவ்வளவு வருஷம் ஆச்சில்ல."

"இருங்கக்கா. ஓநாய் வளைவு வரட்டும்."

வந்தது. முதலில் காற்றுமாதிரி மெலிசாக. பிறகு ஏற்றம் அழுத்த அழுத்த, நீளமாக, கீச்சென்று, அதே விசில். அந்த முழங்காலோடு அக்கா அவ்வளவு வேகமாக எழுந்ததை நான் பார்த்ததே இல்லை. தீக்குச்சி உரசி அடுப்பில் போட்டு, பானையைத் தூக்கி ஏற்றினாள்.

"வந்துட்டான் என் கொப்பரையத் தின்னவன்" என்றாள்.

யாஸ்னா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதில் இந்தச் சத்தத்துக்குத்தான் அவள் விளையாட்டை விட்டு ஓடிவருவாள்.

மேல்வளைவில் விசில் திடீரென்று நின்றது. பல்சக்கரம் கரகரத்தது. பிறகு ஒன்றுமில்லை.

"ரெண்டாவதுல எடு" என்றாள் அக்கா ஜன்னலைப் பார்த்து. லாரியில் ஒரு நாளும் ஏறாதவள். "மூணாவதுல ஏறாது. அவசரப்படாத. ரெண்டாவது, ரெண்டாவது..." கை ஏப்ரனை முறுக்கிக்கொண்டிருந்தது. பானையில் முதல் கொதி தட்டியது. கீழே என்ஜின் ஒரு முறை இருமியது, இன்னொரு முறை இருமியது, பிடித்துக்கொண்டது. விசில் மறுபடியும் கிளம்பியபோது நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம்.

பச்சை லாரி முற்றத்தில் வந்து, விதோயே அண்ணன் நிறுத்தும் இடத்திலேயே நின்றது. அங்கேதான் இடம் இருந்தது. ஐரேனா இறங்கினாள். வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அக்கா கையில் எதையோ வைத்திருப்பதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"பாகு விருந்தாளிக்கு" என்றாள் அக்கா. "கைய நீட்டு."

அந்தப் பெண் நீட்டினாள். அக்கா நீல ஜக்கைச் சாய்த்தாள்.

"இவ்வளவு நேரமா? சொன்னா சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாது. பீன்ஸ் சுண்டிக் கட்டியாப் போச்சு. மேல்வளைவுல என்ன தூக்கமா? எத்தன தடவ சொல்லிருக்கேன், அங்க மூணாவது போடாதன்னு. என் அப்பா கொடுத்த கொப்பரைய வெட்டுனியே, ஒரு வார்த்த என்னக் கேட்டியா? சொல்லாம கொள்ளாம போனியே, ஒரு வார்த்த கேட்டியா? நாளைக்கு நான் ஊருக்குப் போறேன், தெரியுமா உனக்கு? இந்த வீட்டுல யாரு இருப்பா? நீ வந்தா யாரு அடுப்பு மூட்டுவா..."

ஐரேனா கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. கேபினுக்குள் திஹோமிர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கைய எடுக்காதம்மா" என்றேன். "நில்லு."

அவள் நின்றாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றாள். ஜக்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, அக்கா இன்னும் திட்டி முடிக்கவில்லை. நான் அவள் கையிலிருந்து ஜக்கை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.